தேசம், இனக்குழு, நிறவினம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றும் ஒன்றுதானே? எதற்கு மூன்று சொல்?

வெளிநாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். ஒரு கட்டத்தில் நேஷனாலிட்டி, அடுத்ததில் எத்னிசிட்டி, இன்னொன்றில் ரேஸ். மூன்றிலும் ஒரே பதிலை எழுதிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் மேல் தப்பும் இல்லை, அந்தச் சொற்களை உருவாக்கிய நாடுகளிலேயே அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் கிடக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. எந்த அரசியல் சமூகத்தை "நாம்" என்று நினைக்கிறேன் என்பது தேசிய அடையாளம். "நாங்கள் இன்னார் வழி வந்தவர்கள், எங்களுக்கென்று ஒரு பேச்சு, ஒரு கதை இருக்கிறது" என்று ஒரு கூட்டம் தனக்குள் சொல்லிக்கொள்வது இனக்குழு அடையாளம். தோல், முடி, மூக்கு, கண் என்று உடம்பில் தெரிவதை வைத்து மற்றவர்கள் நம்மை எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பது மூன்றாவதான நிறவினம்.

எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பேனா யார் கையில் இருக்கிறது? தேசத்தில் அரசின் கையிலும் மக்களின் கையிலும் மாறி மாறி இருக்கும். இனக்குழுவில் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் கையில். மூன்றாவதில் அநேகமாக எப்போதும் அடுத்தவர் கையில். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் கீழே பார்க்கப்போகிறோம்.

தமிழில் எல்லாவற்றுக்கும் "இனம்" என்றுதானே சொல்கிறோம்?

பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் இனம் என்றால் முதலில் வகை, கூட்டம். எழுத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் இருக்கிறது. மாட்டிலும் நெல்லிலும் இனம் இருக்கிறது. குறளில் "சிற்றினம் சேராமை" என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே சிற்றினம் என்றால் கெட்ட சகவாசம், பிறப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இவ்வளவு அகலமான ஒரு சொல்லின் மேல் பிற்காலத்தில் மூன்று தனித்தனிக் கருத்துகளை ஏற்றிவிட்டோம். போதாதற்கு "தேசிய இனம்" என்ற சொல் வேறு. இடதுசாரி எழுத்துகள் வழியாகப் பரவிய சொல் அது. அதன் பின்னால் 1913-ல் ஸ்டாலின் தந்த வரையறை நிற்கிறது: பொது மொழி, பொது நிலம், பொதுவான பொருளாதார வாழ்வு, பொதுவான மனப்பாங்கு. தேசமும் இனமும் ஒரே மூச்சில் வந்துவிடுவதால், கேட்பவருக்கு எது எங்கே முடிகிறது என்று புரிவதில்லை.

செய்தித்தாள்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் "இனவெறி" என்று தலைப்பு வந்தால் பெரும்பாலும் அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ கறுப்பர்களுக்கு நடந்த கொடுமை. இலங்கையில் "இனவாதம்" என்று வந்தால் அது சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் தொடர்பான அரசியல். முன்னது நிறம் பற்றியது, பின்னது இனக்குழு பற்றியது. இரண்டிலும் முன்னால் நிற்பது அதே "இனம்".

அதனால் இங்கே எத்னிக் என்பதற்கு இனக்குழு என்றும், ரேஸ் என்பதற்கு நிறவினம் என்றும் எழுதுகிறேன். நிறவினம் என்பது கச்சிதமான சொல் இல்லைதான், விஷயம் நிறத்தோடு நிற்பதில்லை. ஆனால் "ரேஸ்" என்று எழுதினால் பாதிப் பேருக்குக் குதிரைப் பந்தயம் ஞாபகம் வரும்.

குடியுரிமையும் தேசிய அடையாளமும் ஒன்றா?

இல்லை. குடியுரிமை சட்டம் தருவது, சட்டம் பறிக்கக்கூடியது. இலங்கையில் 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் இருந்த இடமும் மாறவில்லை, பேசிய மொழியும் மாறவில்லை. தாள்தான் மாறியது.

எதிர்ப்பக்கத்திலும் உதாரணம் உண்டு. குர்துகள் துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நான்கு நாட்டு பாஸ்போர்ட்டோடு வாழ்கிறார்கள். தங்களை ஒரு தேசம் என்று நினைக்கும் குர்துகள் பல லட்சம் பேர், அந்தத் தேசத்தின் பெயரில் பாஸ்போர்ட்டுதான் கிடையாது. ஸ்காட்லாந்துக்காரரிடம் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். "நீங்கள் ஆங்கிலேயரா?" என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

சோவியத் ஒன்றியம் இந்த வித்தியாசத்தை அச்சிலேயே போட்டுவிட்டது. 1932-ல் கொண்டுவந்த உள்நாட்டு பாஸ்போர்ட்டில் எல்லோரும் சோவியத் குடிமக்கள்தான். ஆனால் தனியாக ஒரு வரியில் ரஷ்யர், உக்ரைனியர், ஆர்மீனியர், யூதர் என்று "தேசியம்" குறிக்கப்பட்டது. 16 வயதில் பாஸ்போர்ட் வாங்கும்போது, அப்பாவும் அம்மாவும் வேறுவேறு என்றால் இரண்டில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் ஆர்மீனியராகவும் தம்பி ரஷ்யராகவும் ஒரே வீட்டில் இருக்கலாம். மூன்றாவதாக ஒன்றை எழுத வழியில்லை. படிவங்களில் தேசியம் கேட்ட "ஐந்தாம் வரி" என்ற பெயரே பிற்பாடு யூதர்கள் பட்ட பாகுபாட்டைச் சொல்லும் குறிப்புமொழி ஆகிவிட்டது. ரஷ்யா 1997-ல்தான் அந்த வரியை பாஸ்போர்ட்டிலிருந்து எடுத்தது.

கவனியுங்கள், சோவியத்தார் "தேசியம்" என்று சொன்னது நாம் இங்கே இனக்குழு என்று சொல்வதை. பிரெஞ்சில் அதே சொல் குடியுரிமையைக் குறிக்கும். நாட்டுக்கு நாடு சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

தேசிய அடையாளம் பிறவியிலிருந்தே உறுதியாக இருப்பதுதானே?

1882-ல் பாரிஸில் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் ஆற்றிய உரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. தேசம் என்பது தினமும் நடக்கும் வாக்கெடுப்பு என்றார். சேர்ந்து வாழும் விருப்பம் தொடர்வதுதான் தேசம், மொழியும் மதமும் இரத்தமும் அதைத் தீர்மானிப்பதில்லை என்பது அவர் வாதம். ஒரு தேசமாக இருக்க மக்கள் நிறைய மறந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான்.

உறுதி பற்றிக் கேட்டதால் ஒரு கணக்கு. இங்கிலாந்து-வேல்ஸ் கணக்கெடுப்பில் தேசிய அடையாளம் பற்றிய கேள்வி முதன்முதலில் 2011-ல் வந்தது. அப்போது 57.7 சதவீதம் பேர் "ஆங்கிலேயர்" என்பதை மட்டும் குறித்தார்கள். 2021-ல் அது 14.9 சதவீதம். பத்தே ஆண்டில் மக்கள் மனம் இப்படி மாறிவிட்டதா? இங்கிலாந்துப் படிவத்தில் 2011-ல் "ஆங்கிலேயர்" முதலில் இருந்தது, 2021-ல் "பிரிட்டிஷ்" முதலிடத்துக்கு வந்தது. இந்த மாற்றத்தில் வரிசை மாறியதற்கும் பங்கு உண்டு என்று புள்ளியியல் அலுவலகமே சொன்னது. அடையாளத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த ஒரு விவரத்தைக் காட்டலாம்.

இனக்குழுவை எது தீர்மானிக்கிறது? மொழியா, மதமா, இரத்தமா?

ஒரே அளவுகோல் கிடையாது. இங்கேதான் விஷயம் சுவையாகிறது, எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மொழி என்று சொன்னால் உடனே மாட்டிக்கொள்வோம். இலங்கையில் முஸ்லிம்களின் தாய்மொழி பெரும்பாலும் தமிழ்தான், ஆனால் கணக்கெடுப்பில் அவர்கள் தனி இனக்குழு. 1911 முதல் தமிழர்களையே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். அங்கே கோடு போட்டது மொழி இல்லை, எப்போது எப்படி வந்தார்கள் என்ற வரலாறு.

மதம் என்று சொன்னால், போஸ்னியா சரியாகப் பொருந்துவதுபோல் இருக்கும். செர்பியர், குரோவாசியர், போஸ்னியாக்குகள் (போஸ்னிய முஸ்லிம்கள்) மூவர் பேச்சும் ஒன்றுக்கொன்று தாராளமாகப் புரியும், பரம்பரை மதம்தான் வேறு. சாமி கும்பிடாதவரும் தொழாதவரும்கூட அந்தந்தப் பெட்டியிலேயே இருந்தார்கள். அப்படியானால் அது மதமா, மதத்தின் நினைவா?

மலேசிய அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு யார் மலாய்க்காரர் என்று எழுத்திலேயே சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களை அனுசரிக்க வேண்டும். இங்கே பேனா சட்டத்தின் கைக்குப் போய்விட்டது. மேலே சொன்ன விதிவிலக்குகளில் இது ஒன்று.

பிரிட்டனில் 1983-ல் ஒரு வழக்கு முடிந்தது. தலைப்பாகையை எடுத்துவிட்டு முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனை ஒரு பள்ளி திருப்பி அனுப்பியது. அன்றைய சட்டம் நிறவினம், இனக்குழு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுத்தது, மதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சீக்கியம் மதம்தானே, சட்டம் எப்படிப் பொருந்தும்? சீக்கியர்கள் இனக்குழுவும்தான் என்று, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதற்குச் சொன்ன முக்கியமான இரண்டு அடையாளங்கள்: நீண்ட பொது வரலாறு இருக்க வேண்டும், அதைத் தன்னுடையது என்று அந்தக் கூட்டம் உணர வேண்டும். இரண்டாவது, தனக்கென ஒரு பண்பாட்டு மரபு இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

நார்வே மானுடவியலாளர் பிரெட்ரிக் பார்த் 1969-ல் இன்னும் ஒரு படி போனார். ஒரு கூட்டத்துக்குள் என்னென்ன பழக்கம் இருக்கிறது என்று பட்டியல் போடாதீர்கள், அடுத்த கூட்டத்தோடு எங்கே எல்லை போடுகிறார்கள் என்று பாருங்கள் என்றார். பழக்கங்கள் எல்லாம் மாறிப்போன பிறகும் எல்லை அப்படியே நிற்கலாம். நான் படித்தவற்றில் அதிகம் உதவியது இந்த ஒரு யோசனைதான்.

சரி, எல்லையை வெளியாள் வந்து கெட்டிப்படுத்தினால்? ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி இரு சாராருக்கும் ஒரே மொழி, ஒரே மலைகள், பெரும்பாலும் ஒரே மதம். முன்பு இருந்த பிரிவு பிழைப்பையும் அந்தஸ்தையும் ஒட்டிக் கொஞ்சம் நெகிழ்ந்து கிடந்தது. 1930-களில் பெல்ஜிய ஆட்சி எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்து அதில் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அச்சடித்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் கொலையாளிகள் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்தக் குறிப்பைத்தான். சுமார் 100 நாட்களில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள்.

நிறவினம் என்பது உயிரியல் உண்மை இல்லையா? கண்ணுக்கே தெரிகிறதே?

நிற வேறுபாடு தெரிகிறது, மறுக்கவில்லை. தெரிவதை எத்தனை பெட்டியாக வெட்டுவது என்பதுதான் பிரச்சினை. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735-ல் மனிதரை நான்காக வெட்டினார். அந்தப் பட்டியலில் ஆசியர்கள் மாநிறம், 1758 பதிப்பில் வெளிறிய மஞ்சள். இடையில் ஆசியர்கள் யாரும் நிறம் மாறவில்லை. பின்னர் ஜெர்மன் மருத்துவர் புளூமன்பாக் ஐந்தாக்கினார். காக்கசஸ் மலைப்பகுதியில் உள்ள ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மண்டையோடு அவருக்கு மிக அழகாகத் தோன்றியது, 1795-ல் அதை வைத்து வெள்ளையருக்குக் "காக்கேசியர்" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றும் மருத்துவக் குறிப்புகளில் எட்டிப் பார்க்கிறது.

மரபணு என்ன சொல்கிறது? 1972-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் கணக்கிட்டபோது, மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. நிறவினங்களுக்கு இடையிலானது 6 சதவீதம் அளவுதான். கறுத்த தோல் வெயில் கடுமையான பல பகுதிகளில் நிலைத்த தகவமைப்பு. பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளில் இருப்பவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பவரும் பார்வைக்கு நெருக்கம், மரபணுவில் வெகு தூரம்.

அரிவாள் செல் நோயைக் "கறுப்பர் நோய்" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது மலேரியா பரவியிருந்த பகுதிகளைப் பின்தொடர்கிறது. மத்தியதரைக் கடலோரம், அரேபியா, இந்தியா என எல்லா இடத்திலும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்களிடம் அரிது.

உயிரியல் இல்லையென்றால் நிறவினம் வெறும் பொய்தானே?

இப்படிச் சொல்லி முடித்துவிட ஆசையாக இருக்கும். ஆனால் பணத்தாளும் வெறும் காகிதம்தான், அதை வைத்து அரிசி வாங்க முடிகிறது. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1790 முதல் அமெரிக்காவில் குடியுரிமை பெற "சுதந்திரமான வெள்ளையர்" ஆக இருக்க வேண்டும். 1870-ல் ஆப்பிரிக்க வழியினரையும் சேர்த்தார்கள். தகாவோ ஒசாவா ஜப்பானில் பிறந்தவர், 20 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர், வீட்டில் பேசுவதும் ஆங்கிலம். என் தோல் பல வெள்ளையரைவிட வெளுப்பு என்று வாதாடினார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிறம் முக்கியமில்லை, வெள்ளையர் என்றால் காக்கேசியர், நீங்கள் காக்கேசியர் இல்லை.

பகத் சிங் திண்ட் பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய அறிவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்றன. "சரி, நான் காக்கேசியர்" என்று அவர் வந்து நின்றார். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிமன்றம், அதே நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பு: அறிவியல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண ஆள் உங்களை வெள்ளையர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருவரை அறிவியலால் தள்ளினார்கள், அடுத்தவரை அறிவியலைத் தள்ளிவிட்டுத் தள்ளினார்கள். தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. திண்டுக்கு 1936-ல்தான், போர் வீரர்களுக்கான தனிச் சட்டத்தின் வழியாக, குடியுரிமை நிலைத்தது.

தென்னாப்பிரிக்காவில் 1950-ல் மக்கள் பதிவுச் சட்டம் வந்தது. ஆள் வெள்ளையரா கலப்பினத்தவரா என்று சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் இல்லை. ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் போனதுண்டு. எந்தத் தெருவில் வீடு, எந்தப் பள்ளி, யாரோடு கல்யாணம் எல்லாம் அதைப் பொறுத்தது. அதே சமயம், வியாபாரம் வேண்டும் என்பதற்காக ஜப்பானியர்களை "கௌரவ வெள்ளையர்" ஆக்கினார்கள். சட்டம் 1991-ல் ரத்தானது.

நாடு மாறினால் நிறவினமும் மாறுமா?

மாறும். நாடு மாறாமலும் மாறும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் 1920 முதல் 1940 வரை "இந்து" என்ற நிறவினம். ஆம், மதத்தின் பெயரில் ஒரு நிறவினம், சீக்கியரும் முஸ்லிம்களும் அதில்தான். 1970-ல் அவர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 1980-ல் ஆசியர். அறுபது வருடம் அங்கே வாழ்ந்த ஒரு பெரியவர் மூன்றும் ஆகியிருப்பார், வீட்டை விட்டு நகராமலே.

பிரேசிலில் நிலைமை இன்னும் வேறு. 1976-ல் உங்கள் நிறம் என்ன என்று கட்டமில்லாமல் கேட்டபோது 100-க்கும் மேற்பட்ட சொற்கள் வந்தன. அரசின் பெட்டிகள் ஐந்துதான். 2022 கணக்கெடுப்பில் கலப்பு நிறத்தைக் குறிக்கும் "பார்டா" 45.3 சதவீதத்தோடு முதலிடம். அங்கே பார்டாவாக இருக்கும் ஒருவர் அமெரிக்காவில் இறங்கினால் கறுப்பர் ஆகிவிடலாம்.

மருத்துவமனையில் ஏன் கேட்கிறார்கள்?

குடும்ப மரபு பற்றிய ஒரு தோராயக் குறிப்பாகத்தான். சில நேரம் பயன்படும், சில நேரம் கெடுக்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் சூத்திரம் ஒன்றில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை சுமார் 1.16-ஆல் பெருக்கினார்கள். அதனால் சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் தாளில் தெரிந்தது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் சேரத் தாமதமானது. 2021-ல் அந்தப் பெருக்கலை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல், அதனால் பின்தள்ளப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரவும் அமெரிக்காவில் ஏற்பாடு செய்தார்கள்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் என் இனக்குழு தெரிந்துவிடுமா?

தெரியாது. உங்கள் மரபணு இன்று எந்தெந்தப் பகுதி மக்களின் மாதிரிகளோடு ஒத்துப்போகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். நிறுவனம் மாதிரிகளைப் புதுப்பித்தால் உங்கள் சதவீதமும் மாறும்.

சாதி இதில் எங்கே வருகிறது?

பிறப்பால் வருவது, மாற்ற முடியாதது என்று சொல்லப்படுவது, அடுத்தவர் கையில் பேனா இருப்பது: இந்த மூன்றிலும் சாதி நிறவினத்தை ஒத்திருக்கிறது. ஆனால் உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1901 கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து சாதிக்கும் நிறவினத்துக்கும் முடிச்சுப் போடப் பார்த்தார், அது நிற்கவில்லை. நிறவினப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965-ன் ஐ.நா. ஒப்பந்தம் பாகுபாட்டுக்கான காரணங்களில் நிறவினம், நிறம், தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றோடு "வழிவழி" என்பதையும் தனியாகச் சேர்த்தது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா.வின் நிறவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன, சாதி நிறவினம் இல்லை என்று இந்திய அரசு எதிர்த்தது. அடுத்த ஆண்டு அந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் குழு, "வழிவழி" என்பதில் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. என் கருத்தில் சாதி நிறவினமா என்ற சண்டையே தேவையில்லாதது. பாகுபாட்டைத் தடுக்க இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, படிவத்தில் என்னதான் எழுதுவது?

நேஷனாலிட்டி என்று கேட்டால் பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் நாடு. மனதில் இருக்கும் தேசத்தை எழுத அது இடம் இல்லை. எத்னிசிட்டி என்றால் உங்களை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்களோ அது. காலியிடம் விட்டிருந்தால் தமிழர் என்றே எழுதலாம். ரேஸ் என்று கேட்டால், அந்த நாட்டின் பட்டியலில் இருப்பதில் ஒன்று, அல்லது சில இடங்களில் ஒன்றுக்கு மேல். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000 முதல் ஒன்றுக்கு மேல் குறிக்கலாம். ரேஸுக்கும் எத்னிசிட்டிக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு கேள்விகளை ஒன்றாக்கச் சொல்லி 2024-ல் அங்கே விதியையும் மாற்றினார்கள். பிரெஞ்சுக் கணக்கெடுப்பில் இனக்குழுவோ நிறவினமோ கேட்கவே மாட்டார்கள். "சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.